முனை பொருந்தினால் போதுமா?

தராசு, படிக்கல், கல்லாப்பெட்டி, கணக்கு நோட்டு என்று நான்கு சாமான்களோடு கடை நடத்திய காலம் போய்விட்டது. இன்று ஒரு நடுத்தர மளிகைக் கடையின் மேசையைப் பார்த்தால் எலக்ட்ரானிக் தராசு, பில் அடிக்கும் பிரிண்டர், இன்டர்நெட் மோடம், கார்டு மெஷின், பணம் வந்ததைக் குரல் கொடுத்துச் சொல்லும் சவுண்ட் பாக்ஸ், மேலே கேமரா, உள்ளே அதற்கான ரெக்கார்டர் என்று வரிசையாக நிற்கின்றன. இவற்றில் பல, சுவரில் வரும் 230 வோல்ட் மின்சாரத்தை நேராக ஏற்பவை அல்ல. நடுவில் ஒரு சிறிய கறுப்புப் பெட்டி இருந்து, அந்த மின்சாரத்தை 5, 9, 12 அல்லது 24 வோல்ட்டாக இறக்கிக் கொடுக்கிறது. அதைத்தான் அடாப்டர் என்கிறோம். நம்மில் மூத்தவர்கள் இன்றும் எலிமினேட்டர் என்றே சொல்லுவார்கள்.

சாதனம் வாங்கும்போது நாம் பத்துக் கடை ஏறி இறங்குகிறோம். கம்பெனி பார்க்கிறோம், வாரன்டி கேட்கிறோம். ஆனால் அதனோடு வந்த அடாப்டர் ஒரு நாள் பழுதானால் என்ன செய்கிறோம்? கடைப் பையனிடம் பழையதைக் கொடுத்து, "இதே மாதிரி ஒண்ணு வாங்கிட்டு வா" என்று அனுப்புகிறோம். அவன் கொண்டு வந்ததின் முனை சாதனத்தின் துவாரத்தில் நுழைந்து விளக்கும் எரிந்துவிட்டால், வேலை முடிந்தது என்று வியாபாரத்தைப் பார்க்கப் போய்விடுகிறோம். இந்தப் பழக்கம் தவறானது, ஆபத்தானது என்பதே நமது கருத்து. முனை பொருந்துவது வேறு, அடாப்டர் பொருந்துவது வேறு. மின்சாதனங்கள் விற்கும் நம் உறுப்பினர்களுக்கு இதில் இன்னொரு பொறுப்பும் இருப்பதால், வாங்குவோர், விற்போர் இருவரையும் மனத்தில் கொண்டு இதை எழுதுகிறோம்.

பார்க்க வேண்டியவை

அடாப்டரின் முதுகில் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பதை யாரும் படிப்பதில்லை. சரக்குக் கொள்முதலில் தரம், எடை, விலை, தவணை எதையும் விடாமல் பார்க்கும் நமக்கு அதைப் படிப்பது பெரிய காரியம் அல்ல.

முதலாவது வோல்ட். சாதனத்தின் மீது 12 வோல்ட் என்று போட்டிருந்தால் அடாப்டரின் அவுட்புட்டும் 12 வோல்ட்டாகவே இருக்க வேண்டும். மேல்நிலைத் தொட்டியின் உயரம் கூடினால் குழாயில் தண்ணீரின் அழுத்தம் கூடுவதைப் போன்றது இது. 9 வோல்ட் சாதனத்துக்கு 12 வோல்ட் கொடுத்தால் உள்ளிருக்கும் பாகங்கள் சூடேறும். சில உடனே போகும், சில ஒரு மாதம் ஓடிவிட்டுப் போகும். குறைந்த வோல்ட் கொடுத்தால் மோடம் அடிக்கடி அணைந்து அணைந்து வரும். நாமோ இன்டர்நெட் கம்பெனிக்காரரைத் திட்டிக்கொண்டிருப்போம்.

இரண்டாவது ஆம்பியர். இது அடாப்டரால் எவ்வளவு மின்சாரம் கொடுக்க முடியும் என்பதன் அளவு. சாதனம் கேட்பதைவிட அடாப்டரின் ஆம்பியர் கூடுதலாக இருக்கலாம், குறைவாக இருக்கக் கூடாது. "ஒரு ஆம்பியர் போட வேண்டிய இடத்தில் இரண்டு ஆம்பியர் போட்டால் எரிந்துவிடாதா?" என்று பலர் கேட்கிறார்கள். எரியாது. கோடவுனில் நூறு மூட்டை அரிசி இருந்தாலும், வந்தவர் தமக்கு வேண்டிய பத்துக் கிலோவைத்தானே எடுத்துப் போவார்? சாதனமும் தனக்கு வேண்டியதையே எடுத்துக்கொள்ளும். ஆனால் கோடவுனில் ஐந்து கிலோ மட்டும் இருந்தால்தான் தகராறு. பில் பிரிண்டரில் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். 24 வோல்ட், 2.5 ஆம்பியர் கேட்கும் பிரிண்டருக்கு ஒரு ஆம்பியர் அடாப்டரை மாட்டினால் விளக்கு எரியும், காகிதமும் நகரும். நீளமான பில் அடிக்கத் தொடங்கியதும் எழுத்து மங்கும் அல்லது பாதியில் நிற்கும். அடாப்டரோ தன் சக்திக்கு மீறி இழுக்கப்பட்டுக் கொதிக்கும். ஆயிரம் மில்லி ஆம்பியர் சேர்ந்தது ஒரு ஆம்பியர் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். 500 எம்.ஏ. என்று போட்டிருந்தால் அது அரை ஆம்பியர்தான்.

மூன்றாவது, ஏ.சி.யா, டி.சி.யா என்பது. அவுட்புட் என்ற இடத்தில் ஒரு நேர்கோடும் அதன் கீழே விட்டு விட்டு ஒரு கோடும் இருந்தால் டி.சி. அலை போன்ற கோடு இருந்தால் ஏ.சி. பெரும்பாலான அடாப்டர்கள் டி.சி.தான். ஆனால் ஏ.சி. கொடுக்கும் அடாப்டர்களும் உண்டு. வெளித்தோற்றத்தில் இரண்டும் அண்ணன் தம்பி போலவே இருக்கும். ஒன்றின் இடத்தில் மற்றதை மாட்டுவது சாதனத்தைக் கெடுப்பதற்குச் சுருக்கமான வழி.

நான்காவது, பிளஸ் மைனஸ். பலரும் கோட்டை விடும் இடம் இதுதான். உருண்டையான முனையில் உள்துவாரம் ஒரு பக்கம், வெளிவளையம் இன்னொரு பக்கம். எது பிளஸ், எது மைனஸ் என்பதைக் காட்ட அடாப்டரிலும் சாதனத்திலும் ஒரு சிறு படம் இருக்கும். நடுவில் ஒரு புள்ளி, அதைச் சுற்றி அரைவட்டம், இரண்டிலிருந்தும் கோடு இழுத்து + என்றும் − என்றும் குறித்திருப்பார்கள். புள்ளியோடு சேர்ந்திருப்பது உள்துவாரத்துக்கு உரியது. நம் மேசையில் இருக்கும் மோடம், கேமரா போன்றவற்றில் பெரும்பாலும் உள்ளே பிளஸ், வெளியே மைனஸ்.

இசைக் கருவிகளின் உலகத்தில் இது தலைகீழ். மெல்லிசைக் குழுக்களில் கிட்டார் வாசிப்பவர்கள் காலடியில் வைத்து மிதிக்கும் 'எஃபெக்ட்ஸ் பெடல்' என்ற சிறு பெட்டிகளைப் பார்த்திருப்போம். ஒலியை எதிரொலிக்கவும் கரகரக்கவும் செய்பவை அவை. ஜப்பானிய 'பாஸ்' கம்பெனியின் பெடல்களும், அதே வழியில் வந்த பல கம்பெனிகளின் பெடல்களும் 9 வோல்ட் டி.சி.யில், உள்ளே மைனஸ், வெளியே பிளஸ் என்ற முறையில் அமைந்தவை. 9 வோல்ட் ஏ.சி. கேட்கும் எஃபெக்ட்ஸ் சாதனங்களும் உண்டு. ஆக, 9 வோல்ட் அடாப்டர் என்று கேட்டு வரும் மூன்று பேருக்கு மூன்று விதமான சரக்கு தேவைப்படலாம். மூன்றின் முனையும் ஒரே துவாரத்தில் கச்சிதமாக நுழையும். மோடத்தின் அடாப்டரை எடுத்துப் பெடலில் மாட்டினால், உள்ளே பாதுகாப்பு ஏற்பாடு இல்லாத பெடல் அந்த நிமிடமே போய்விடலாம். முனை பொருந்தியதை வைத்துத் தீர்மானிக்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் நமக்குத் தெரியவில்லை.

ஐந்தாவதாக முனையின் அளவு. வெளி விட்டம் 5.5 மில்லி மீட்டர் என்பது பரவலாக உள்ளது. ஆனால் உள்துவாரத்தில் 2.1, 2.5 என்று இரண்டு அளவுகள் உண்டு. 2.1 முனை, தடித்த ஊசி உள்ள சாதனத்தில் நுழையாது. அழுத்தினால் சாதனத்தின் ஜாக்தான் உடையும். 2.5 முனையோ மெல்லிய ஊசி உள்ள சாதனத்தில் தொளதொளவென்று நுழைந்துவிடும். தொட்டால் அணையும், ஆட்டினால் எரியும். இப்படி விட்டு விட்டுத் தொடும் இடத்தில் சூடு பிறக்கும். அதைத் தீப்பெட்டிக் குச்சி சொருகியும் ரப்பர் பேண்டு சுற்றியும் ஓட்டுகிற கடைகள் நம் தெருக்களில் இல்லாமல் இல்லை.

கடைசியாக இன்புட். 100-240 வோல்ட் என்று போட்டிருந்தால் நம் ஊருக்கு ஆகும். அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த சாதனத்தின் அடாப்டரில் 120 வோல்ட் என்று மட்டும் இருந்தால், அதை நம் பிளக்கில் சொருகவே கூடாது.

எல்லாவற்றுக்கும் ஒன்று

சுவிட்சைத் திருப்பினால் 3 முதல் 12 வோல்ட் வரை கொடுக்கும் என்று சொல்லி, ஆறேழு முனைகளோடு ஒரு எலிமினேட்டர் விற்கிறார்கள். ரேடியோ கேட்பதற்கு அது போதுமானதாக இருந்திருக்கலாம். கடை மேசைக்கு அது ஏற்றதல்ல. துடைக்கும்போது கை பட்டு சுவிட்சு நகர்ந்தால் 9 வோல்ட் 12 ஆகிவிடும். முனையைக் கழற்றித் திருப்பி மாட்டினால் பிளஸ் மைனஸ் மாறிவிடும். இரும்பு டிரான்ஸ்பார்மர் வைத்த பழைய முறை எலிமினேட்டர்களில் இன்னொரு சங்கதியும் உண்டு. வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் அமைப்பு இல்லாதவற்றில் 9 வோல்ட் என்று எழுதியிருந்தாலும், சுமை குறைவாக இருக்கும்போது 12 வோல்ட்டும் அதற்கு மேலும் வரும். மைக் செட்டிலோ ஸ்பீக்கரிலோ மாட்டினால் 'உம்' என்ற இரைச்சல் கேட்பதும் இத்தகைய எலிமினேட்டர்களால்தான் அதிகம்.

வெளியே ஒன்று, உள்ளே ஒன்று

அடாப்டருக்குள் 230 வோல்ட் ஒரு பக்கமும், நாம் கையால் தொடும் குறைந்த வோல்ட் இன்னொரு பக்கமும் இருக்கின்றன. இரண்டுக்கும் இடையே போதிய இடைவெளியும் நல்ல காப்பும் இருப்பதால்தான் முனையைத் தொட்டால் ஷாக் அடிப்பதில்லை. தரமான அடாப்டரில் ஃபியூஸ் இருக்கும், சுமை மிஞ்சினால் தானே நிற்கும் ஏற்பாடு இருக்கும், எளிதில் தீப்பற்றாத பிளாஸ்டிக் இருக்கும். மட்ட ரகத்தில் விலையைக் குறைக்க முதலில் கைவைக்கப்படுவது இவற்றில்தான். ஏனென்றால் இவை இல்லாவிட்டாலும் அடாப்டர் வேலை செய்யும். கலப்படப் பொருளில் நிறமும் மணமும் சரியாக இருப்பது போல, இதிலும் விளக்கு எரியும். எடை குறைவாக இருந்தால் மட்டம் என்று சிலர் சொல்வதும் முழுக்கச் சரியல்ல. இன்றைய நல்ல அடாப்டர்களும் இலேசாகவே வருகின்றன.

மற்ற இடங்களைவிட நம் கடைகளில் இது ஏன் அதிகம் கவனிக்க வேண்டியது என்பதையும் யோசித்துப் பார்ப்போம். அடாப்டர் இருக்கும் இடம் எது? மேசைக்கு அடியில், சாக்குகளுக்கும் அட்டைப்பெட்டிகளுக்கும் நடுவில். பக்கத்தில் எண்ணெய் டின், தீப்பெட்டி பண்டல், சூடப் பாக்கெட், பிளாஸ்டிக் பை. ஒரே மல்டி பிளக்கில் ஐந்து அடாப்டர், அதன் மேல் தூசியும் மாவும். இரவு ஷட்டரை இறக்கிப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போன பிறகும், கேமராவுக்காக அது ஓடிக்கொண்டிருக்கும். பகலில் புகைந்தால் யாராவது பார்த்துப் பிடுங்கிவிடலாம். இரவில் யார் பார்ப்பது? தீ இன்சூரன்ஸ் இருக்கிறது என்று ஆறுதல் கொள்வோர் உண்டு. சர்வேயர் வந்து காரணம் கேட்டு, நஷ்ட ஈடு கைக்கு வருவதற்குள் மூடிக் கிடக்கும் கடையின் வாடிக்கையாளர்கள் அடுத்த தெருவுக்குப் பழகிவிடுவார்கள். அவர்களை எந்த இன்சூரன்ஸும் திருப்பித் தராது.

ஆகவே அடாப்டரைக் காற்றோட்டமான இடத்தில், சரக்குக்கு எட்டாமல் சுவரில் உயர்த்தி வைக்க வேண்டும். இரவில் கேமரா, பிரிட்ஜ் தவிர மற்றவற்றின் சுவிட்சை அணைக்க வேண்டும். இளஞ்சூடு இயல்பானது. கை வைக்க முடியாத சூடு, பிளாஸ்டிக் கருகிய வாடை, கிறீச்சென்ற ஓசை, பிளக் துவாரத்தில் பழுப்பு நிறம் இவற்றில் ஒன்று தென்பட்டாலும் அதன் ஆயுள் முடிந்தது என்று கொள்ள வேண்டும். டேப் சுற்றி இன்னொரு மாதம் ஓட்டுவது சிக்கனம் ஆகாது.

தராசு விஷயத்தில் தனிக் கவனம்

எலக்ட்ரானிக் தராசு மற்ற சாதனங்களைப் போன்றதல்ல. அது சட்டமுறை எடையளவுச் சட்டத்தின் கீழ் முத்திரையிடப்பட்டது. பொருத்தமற்ற அடாப்டரால் மின்சாரம் சீராக வராவிட்டால் தராசின் எண்கள் நிலைகொள்ளாமல் ஆடும், உள்ளிருக்கும் பேட்டரியும் சரியாக ஏறாமல் கெடும். வாடிக்கையாளர் கண்முன்னே எண் ஆடினால், நாம் எவ்வளவு நாணயமானவராக இருந்தாலும் அவர் மனத்தில் ஒரு சந்தேகம் விழத்தான் செய்யும். வெளியே மாட்டும் அடாப்டரை மாற்றுவதால் முத்திரைக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் தவறான அடாப்டரால் உள்ளே பழுதாகி, தராசைத் திறந்து முத்திரையை உடைத்துப் பழுது பார்த்தால், மறுபடி பரிசோதித்து முத்திரை வைத்த பிறகே அதில் எடை போடலாம். அதுவரை தராசு இல்லாமல் கடையை எப்படி ஓட்டுவது? சில நூறு ரூபாய்ப் பொருளில் அசட்டையாக இருந்து சில நாள் வியாபாரத்தை இழப்பது கணக்குக்கு ஒத்துவருமா?

விற்போரின் கடமை

இனி, அடாப்டரை வாங்கி விற்கும் உறுப்பினர்களுக்குச் சில வார்த்தைகள். முகவரி இல்லாத பருப்புப் பாக்கெட்டை நாம் கடையில் வைப்போமா? தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவர் பெயர், முகவரி, மாதம், வருடம், அதிகபட்ச விலை எல்லாம் இருக்கிறதா என்று பார்த்துத்தானே இறக்குகிறோம். 2011ஆம் ஆண்டின் பாக்கெட் பொருள் விதிகள் பருப்புக்கு மட்டும் உரியவை அல்ல. சில்லறையில் விற்கும் அடாப்டர் பாக்கெட்டுக்கும் உண்டு. ஆனால் வெறும் பிளாஸ்டிக் பையில், பெயரும் ஊரும் இல்லாமல் கட்டுக்கட்டாக வரும் அடாப்டர்களைக் கேள்வி கேட்காமல் வாங்கி ஆணியில் தொங்கவிடுகிறோம்.

மத்திய அரசு 2012ஆம் ஆண்டில் மின்னணுப் பொருள்களுக்குக் கட்டாயப் பதிவு ஆணை பிறப்பித்தது. 2014இல் அந்தப் பட்டியலை விரிவாக்கி, கம்ப்யூட்டர் சார்ந்த சாதனங்களின் அடாப்டர்களையும், ஆடியோ வீடியோ சாதனங்களின் அடாப்டர்களையும் சேர்த்தது. அத்தகைய அடாப்டர்களில் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பதிவு முத்திரையும், 'ஆர்' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் எட்டு இலக்க எண்ணும் இருக்க வேண்டும். வயரிலும் பிளக்கிலும் நாம் பார்க்கும் ஐ.எஸ்.ஐ. முத்திரை வேறு, இது வேறு. எண்ணை அச்சடிக்க யாராலும் முடியும் என்பதால், அந்த அமைப்பின் 'பி.ஐ.எஸ். கேர்' என்ற செயலியில் எண்ணைப் போட்டு, அது யாருடைய பதிவு என்று பார்த்துக்கொள்ளலாம். மொபைல் போனில் ஒரு நிமிட வேலை.

2020 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தையும் மறக்கக் கூடாது. குறையுள்ள பொருளால் ஒருவருக்குத் தீங்கு நேர்ந்தால் தயாரித்தவர் பொறுப்பு. ஆனால் தயாரித்தவர் யாரென்று தெரியாவிட்டால், விற்றவரையே பொறுப்பாளியாக்க அச்சட்டத்தில் இடம் இருக்கிறது. பெயரில்லாத அடாப்டரை விற்கும்போது, அதன் குறைகளுக்கு நம் கடைப் பெயரையே பொறுப்பாக எழுதிக் கொடுக்கிறோம் என்பதுதான் இதன் பொருள். இருபது முப்பது ரூபாய் லாபத்துக்கு இது தேவையா?

"வாடிக்கையாளர் விலை குறைவாகத்தானே கேட்கிறார்? தரமானதை வைத்தால் அடுத்த கடைக்குப் போய்விடுகிறாரே" என்று உறுப்பினர்கள் சொல்வது நமக்குத் தெரியும். அதில் உண்மை இருக்கிறது. ஒரிஜினல் கம்பெனி அடாப்டர்தான் வேண்டும் என்று நாம் வற்புறுத்தவும் இல்லை. அது சில சமயம் சாதனத்தின் விலையில் பாதிக்கு வருகிறது, பல ஊர்களில் கிடைப்பதும் இல்லை. அளவுகள் எல்லாம் ஒத்துப்போய், பதிவு முத்திரையும், பில் கொடுக்கும் மொத்த வியாபாரியும் இருந்தால் வேறு கம்பெனி அடாப்டரைத் தாராளமாக வாங்கலாம், விற்கலாம். சென்னை ரிச்சி தெருவானாலும் நம் ஊர் கடைத்தெருவானாலும் இரண்டு ரகமும் பக்கத்துப் பக்கத்தில்தான் கிடைக்கின்றன. வித்தியாசம் பல நேரங்களில் நூறு, இருநூறு ரூபாய்தான். அதை வாடிக்கையாளரிடம் எடுத்துச் சொன்னால் பத்தில் சிலராவது கேட்பார்கள். கேட்காதவருக்கும் எதை மாட்டப் போகிறார் என்று விசாரித்து, சாதனத்தைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்துக் கொடுப்பதில் செலவு ஒன்றும் இல்லை. கிட்டார் பெடலுக்கு வந்தவரிடம் மோடம் அடாப்டரைக் கொடுத்தனுப்பினால், அவர் மறுநாள் சண்டைக்கு வருவார். பார்த்துக் கொடுத்தால் குழு முழுவதையும் அழைத்து வருவார்.

சங்கம் செய்யக்கூடியது

ஒவ்வொரு கடையிலும் உள்ள சாதனங்களின் வோல்ட், ஆம்பியர், ஏ.சி. டி.சி., பிளஸ் மைனஸ், முனை அளவு ஆகியவற்றை ஒரு காகிதத்தில் எழுதிக் கல்லாவில் ஒட்டி வைக்கலாம். சாதனத்தின் பெயரை அடாப்டரின் மேல் ஸ்டிக்கரில் எழுதினால், சுத்தம் செய்யும் நாளில் ஒன்றுக்கொன்று மாறிப்போகாது. அடாப்டர் கெட்ட பிறகு எழுத்து அழிந்து போயிருக்கும். நன்றாக இருக்கும்போதே எழுதுவதுதான் முறை. கடைப் பையனைக் கையில் அந்தக் காகிதத்தோடு அனுப்பினால், "இதே மாதிரி ஒண்ணு" என்று அவன் கேட்க வேண்டியதில்லை.

ஊர்ச் சங்கங்களும் இதில் முன்வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். ஒரே மாதிரியான தராசும் பிரிண்டரும் பல கடைகளில் இருக்கின்றன. அவற்றுக்கான பதிவு பெற்ற அடாப்டர்களைச் சங்கத்தின் மூலம் மொத்தமாக வாங்கினால் விலையும் படியும், தரமும் தெரியும். மாதக் கூட்டத்தில் அரை மணி நேரம் ஒதுக்கி, விவரம் அறிந்த எலக்ட்ரீஷியன் ஒருவரை அழைத்து, மல்டி மீட்டரில் வோல்ட்டும் பிளஸ் மைனஸும் பார்ப்பது எப்படி என்று செய்து காட்டச் சொல்லலாம்.

வரி, உரிமம், ஆன்லைன் போட்டி என்று பெரிய பிரச்சினைகளுக்காக நாம் கூடிப் பேசுகிறோம், போராடுகிறோம். அவற்றில் முடிவு பெரும்பாலும் நம் கையில் இல்லை. மேசைக்கு அடியில் கிடக்கும் அந்தக் கறுப்புப் பெட்டி முழுக்க நம் கையில் இருக்கிறது. இன்று இரவு ஷட்டரை இறக்குவதற்கு முன் ஒவ்வொருவரும் ஒருமுறை குனிந்து, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்க்கும்படி உறுப்பினர்கள் அனைவரையும் கேட்டுக்கொள்கிறோம்.